சைவக் கடாய்க்குள் மீன் சாஸ்

தம்பிமாரே, முதலில் அந்தச் செல்போனைக் கீழே வையுங்கள். கடாயிலிருந்து நெருப்பு எழும்புவதைப் படம்பிடித்துப் போடுவதெல்லாம் சரி. கடாய்க்குள் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டால் பதில் வருமா? "சாஸ் அண்ணே" என்பீர்கள். என்ன சாஸ் என்று திருப்பிக் கேட்டால் "கறுப்பு சாஸ்" என்பீர்கள். மூடியில் ஓட்டை போட்ட பழைய தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நிறுத்திவைத்து, கை போன போக்கில் எடுத்துப் பீய்ச்சிவிட்டு, உங்களுக்கு நீங்களே 'செஃப்' என்று பட்டம் கொடுத்துக்கொள்கிறீர்கள். நான் இந்தத் தொழிலில் முதுகு வளைந்தவன். ஒரு பாட்டிலால் ஒரு நிச்சயதார்த்தமே அந்தரத்தில் தொங்கியதைப் பார்த்தவன். அதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் யாராவது கொட்டாவி விட்டால் வெங்காயம் உரிக்க அனுப்பிவிடுவேன்.

நான் திருச்சுழிப் பக்கத்து ஆள். மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் வெளியூர்க்காரன் என்பதுதான் எங்கள் பக்கத்து வாழ்க்கை. மழை பெய்யாத ஒரு வருஷத்தில் சிங்கப்பூருக்குப் போனேன். ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனவன், மெல்ல மெல்லக் கடாய் பிடிக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். ஊர் திரும்பியதும் அருப்புக்கோட்டை பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த ஓட்டலில் சமையலறைக்குத் தலைமை மாஸ்டர் ஆனேன். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால், வீட்டில் ரசத்துக்கு உப்புப் பார்க்கக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை.

மீன் சாஸோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது சிங்கப்பூரில்தான். நெத்திலி மாதிரிப் பொடி மீனையும் கல்லுப்பையும் அடுக்கடுக்காகத் தொட்டியில் போட்டு மூடி, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். மீன் தானாகக் கரைந்து, தேன் நிறத்தில் தண்ணீராக இறங்கும். தாய்லாந்துக்காரர், வியட்நாம்காரர் வீடுகளில் நம் உப்புக்கும் பெருங்காயத்துக்கும் உள்ள இடம் அதற்கு. பாட்டிலைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கும். காய்ந்த கடாயில் பட்டவுடன் அந்த நாற்றம் ஒருமுறை குபீரென்று எழும்பும். பிறகு அடங்கி, வறுத்த வாசமாக மாறி, சாப்பிடுகிறவனை 'இதில் என்னமோ இருக்கிறதே' என்று இன்னொரு வாய் கேட்க வைக்கும். முதல்நாள் கருவாட்டுக் குழம்பை மறுநாள் சுடவைத்துச் சட்டியை வழித்துத் தின்கிற நம் ஆட்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் எனக்கு வேடிக்கை.

எங்கள் முதலாளி பருத்தி வியாபாரத்திலிருந்து ஓட்டலுக்கு வந்தவர். ஓட்டலில் ஆசியச் சாப்பாடு போட வேண்டும் என்று அவருக்கு யார் மண்டையில் ஏற்றினார்களோ தெரியாது. வாசலில் டிராகன் படம் போடச் சொன்னார். வரைந்தவர் அய்யனார் கோயில் குதிரைக்கு வர்ணம் அடிக்கிறவர். டிராகனும் பிடரி மயிரோடு, கடிவாளத்தோடு வந்து நின்றது. அதைப் பார்த்துவிட்டு மல்லாங்கிணறு பஸ்ஸிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

படத்தோடு நிறுத்தியிருக்கலாம். மெனுவை அமைத்துக் கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரையும் வரவழைத்தார் முதலாளி. வெள்ளைக்கோட்டு, கையில் எங்கள் வாசல் டிராகனை விட நல்ல டிராகனைப் பச்சை குத்தியிருந்தார். எல்லாரும் தன்னை 'செஃப்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். கூப்பிட்டோம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், தொழில் தெரிந்தவர்தான் அவர். எந்தச் சாஸ் எதில் சேரும், எவ்வளவு சூட்டில் சேரும் என்பதெல்லாம் அத்துபடி. சாப்பிடுகிறவர்கள் மனிதர்கள் என்பது மட்டும்தான் தெரியாது.

மீன் சாஸ் வந்த அன்றைக்கே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். பெரிய கேன் அசைவப் பக்கத்து அலமாரியில் இருக்கும், சாவி என்னிடம் இருக்கும். நம் ஊர்ச் சமையலறைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சைவக் கடாய் தனி, கரண்டி தனி, வெட்டுகிற பலகை தனி. சைவக் கரண்டியின் காம்பில் மஞ்சள் துணி சுற்றியிருக்கும். அந்தக் கரண்டி தவறி அசைவக் கடாயைத் தொட்டுவிட்டால் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் மறுபடி உள்ளே வரும். இவ்வளவும் பார்ப்போம். சாஸ் பாட்டில்கள் மட்டும் எந்தத் தீட்டும் இல்லாமல் இரண்டு பக்கமும் உலாவும். ஏனென்றால் பாட்டிலில் வருவதெல்லாம் சைவம் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். யார் போட்டார்கள் என்று தெரியாது, எல்லாரும் கீழ்ப்படிகிறார்கள்.

இப்போது நாகராஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தெருக்காரர். தறி வைத்துச் சேலை நெய்து விற்கிறவர். வீட்டில் கன்னடம், வெளியில் நம் தமிழ். அவர் மகள் கவிதாவுக்கு ஏற்கெனவே ஒரு இடம் பேசி முடித்து, நிச்சயத்துக்குப் பத்திரிகை அடிக்கிற சமயத்தில் நின்றுபோயிருந்தது. அதிலிருந்து அந்த மனிதர் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பதையே விட்டுவிட்டார். இரண்டு வருஷம் அலைந்து, பாளையம்பட்டியில் அவர்கள் ஆட்களிலேயே ஒரு நல்ல இடம் அமைந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு சங்கடம், பையனின் அம்மா சரோஜம்மா. அவர்கள் வீட்டில் முட்டை உடைத்த சட்டிகூடக் கிடையாது. அசைவம் சமைக்கிற ஓட்டலில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்.

தை மாதத்து முகூர்த்தம். ஊரில் ஒரு மண்டபமும் காலி இல்லை. எங்கள் ஓட்டல் மாடியில் இருந்த ஏசி ஹால்தான் கிடைத்தது. கூடவே மதுரையில் படித்த பெண்ணுக்குத் தன் நிச்சயத்தில் நூடுல்ஸ் இருக்க வேண்டும் என்று ஆசை. சரோஜம்மா முடியவே முடியாது என்றார். நாகராஜன் பாளையம்பட்டிக்குப் போய், "சைவத்துக்கு நான் பொறுப்பு சம்பந்தி" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, உங்கள நம்பித்தான் வாக்குக் குடுத்திருக்கேன். இந்த இடமும் போச்சுன்னா எம் பொண்ணு தாங்காதுண்ணே."

"நான் இருக்கேன்ல, போங்க" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. நிச்சயத்தன்று சமையலறையின் அசைவப் பக்கத்தையே பூட்டினேன். கடாய்கள் புதிது, கரண்டிகள் புதிது. சைவ அடுப்பில் நிற்கக் கருப்பசாமியை நிறுத்தினேன். நரிக்குடிக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர், பழநிக்குப் பாதயாத்திரை போக மாலை போட்டிருந்தார். பச்சை வேட்டியும் திருநீறுமாக அவர் கடாய் முன்னால் நின்றதைப் பார்த்தால் நூடுல்ஸுக்கே பக்தி வந்துவிடும். இதற்கு மேல் ஒரு சமையலறையை எப்படிச் சுத்தப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

சரோஜம்மாவுக்குத் தெரிந்திருந்தது. காலையிலேயே வந்துவிட்டார், கையில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு. ஹாலுக்குப் போகவில்லை, நேரே சமையலறைக்குத்தான் வந்தார். கடாயைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். பலகையை மோந்து பார்த்தார். கரண்டியும் காம்பும் சேருகிற இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவரிடம் ஆறு மாதம் பாடம் கேட்கலாம். கடைசியில் கருப்பசாமியிடம் வந்தார்.

"குளிச்சீகளா?"

"ரெண்டு வேளையும் குளிக்கிறேன்மா. மால போட்டிருக்கேன்."

"அப்பச் சரி. நீங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பாட்டில் வரிசையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு அதில் என்ன தெரியப் போகிறது? எல்லாம் பழுப்புத் தண்ணீர்.

அந்த நேரம் கேஸ் சிலிண்டர் வந்து இறங்கியது. நான் பின்வாசலுக்குப் போனேன். திரும்பி வரும்போது சரோஜம்மா ஒரு கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதிரிக்குச் செய்த நூடுல்ஸை ஆலோசகர் ருசி பார்க்கக் கொடுத்திருக்கிறார். சரோஜம்மா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"மாஸ்டரு, நான் வேண்டாம்னு எவ்வளவு அடம்பிடிச்சேன். என்னமோ ஒரு ருசி இருக்குங்க இதுல. இன்னொரு வாய் வாங்கிச் சாப்பிட்டேன்னா பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். ஆலோசகர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் எதற்குக் கண்ணடிக்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கருப்பசாமி பந்திக்கான பெரிய கடாயைப் போட்டார். எண்ணெய், பூண்டு, காய், நூடுல்ஸ். வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துச் சுற்றிலும் ஊற்றினார். குபீரென்று எழும்பியது அந்த வாசம். சிங்கப்பூரில் வருஷக்கணக்காக என் சட்டையில், தலைமுடியில் ஊறிக் கிடந்த வாசம். எனக்கு அதைச் சொல்ல யாரும் வேண்டாம். பாட்டிலைப் பிடுங்கி ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். அதேதான்.

"இத யாரு இங்க வச்சது?"

"செஃப் சாருதான்ணே நெறச்சு வச்சாரு. வெஜ்ஜுக்கு உப்புக்குப் பதிலா இதத்தான் ஊத்தணும்னாரு. ஏண்ணே?"

"இது மீனுய்யா."

கருப்பசாமி கரண்டியைக் கீழே போட்டார். மாதிரி நூடுல்ஸுக்கும் உப்புப் பார்த்தது அவர்தான். கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு, "யாரு ஊத்தச் சொன்னதுன்னு முருகனுக்குத் தெரியும்ணே" என்றார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் நிதானமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஆலோசகரிடம் போனேன். அலமாரிச் சாவி என்னிடம் இருந்ததால் சென்னையிலிருந்து தனியாக ஒரு பாட்டில் வரவழைத்திருக்கிறார். தவறி நடந்தது இல்லை, தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

"மாஸ்டர், வெஜ் நூடுல்ஸ்ல ஒரு டெப்த் இல்ல. இப்ப இருக்கு. அந்தம்மா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்களே, பாத்தீங்கல்ல?"

"அவுக சைவம்யா."

"இதுல மீன் எங்க இருக்கு? ஒரு முள்ளு, ஒரு செதில் எடுத்துக் காட்டுங்க பாப்போம். இது வெறும் ஃப்ளேவர்."

அவருக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. சந்தேகமே இல்லாமல் நின்றார். தம்பிமாரே, சமையலறையில் தீப்பிடித்தால்கூட அணைத்துவிடலாம். சந்தேகமே வராத ஆளை மட்டும் கிட்ட வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடாயில் இருந்ததை அப்படியே கொட்டச் சொன்னேன். பக்கத்து வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வேறு பாத்திரம் எடுத்து, எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் போடச் சொல்லிவிட்டேன். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. சாப்பாட்டை மாற்றிவிடலாம். சரோஜம்மா வயிற்றுக்குள் போனதை என்ன செய்வது? இனிமேல்தான் புத்திக்கு வேலை.

முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினார். "யாருக்கும் தெரியாதுல்ல? அப்ப நடக்கல. சொல்லாத விஷயம் யாருக்கும் செரிக்காமப் போனதில்ல மாஸ்டரு" என்றார். ஓட்டலை நடத்துகிறவர் இப்படித்தான் பேசுவார், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நாகராஜனைக் கூப்பிட்டு அனுப்பினேன். பட்டு வேட்டியும் சந்தனமுமாக, இரண்டு வருஷத்துக்குப் பிறகு நிமிர்ந்த தலையோடு இறங்கி வந்தார். நான் சொன்னதும் கேஸ் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலே நாதஸ்வர டேப் ஓடிக்கொண்டிருந்தது. ராகு காலம் பிறப்பதற்குள் தட்டு மாற்ற வேண்டும். தட்டு மாறிவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அவர்கள் ஆட்களில் தட்டு மாறிய பிறகு யாரும் பின்வாங்குவதில்லை. பின்வாங்கினால் அந்தக் குடும்பத்துக்கு யாரும் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள்.

நாகராஜன் தலையைத் தூக்கினார். "அண்ணே, சொல்ல வேண்டாம்னு நான் சொல்லல. தட்டு மாறட்டும். அப்புறம் நானே ஒரு நல்ல நாளாப் பாத்துப் பக்குவமாச் சொல்லிர்றேன்."

"அதான் சரி" என்றார் முதலாளி. "பர்ஃபெக்ட்" என்றார் ஆலோசகர். அந்த மூவரும் முதல் தடவையாக ஒரே பேச்சில் நின்றது அங்கேதான்.

மீன் சாப்பிட்ட சேதியைச் சொல்வதற்குப் பஞ்சாங்கத்தில் எந்த நாள் நல்ல நாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாகராஜனைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை. அந்த மனிதர் பயந்துபோயிருந்தார். மாடியில் சேலையைச் சரிசெய்துகொண்டு நின்ற அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தால் அவளுக்கு இரண்டாவது தடவையும் கல்யாணம் நின்றுபோகலாம். அதற்கப்புறம் அந்தத் தெருவில் நான் எந்த முகத்தோடு குடியிருப்பது?

இருந்தாலும் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. தட்டு மாறுவதற்கு முன்னால் சொன்னால், அந்தம்மாவுக்கு எழுந்து போக ஒரு வாசல் இருக்கிறது. மாறிய பிறகு சொன்னால், வாசலைப் பூட்டிவிட்டுச் சொல்கிறோம். பிறகு எவ்வளவு பக்குவமாகச் சொன்னால் என்ன? அந்தச் சமையலறையைச் சைவம் என்று சொன்னது என் வாய். அந்தம்மா சாமி என்று கும்பிட்டது நான் நிறுத்திய ஆளை. நாகராஜனிடம், "உங்க பொண்ணு விஷயத்துல முடிவெடுக்க நான் யாரு? ஆனா அந்தம்மா வாய்க்குள்ள போனது என் அடுப்படியில இருந்து போனது. அத நான் சொல்லித்தான் ஆகணும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

சரோஜம்மா தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார். கை கழுவும் இடத்துக்குக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் சாப்பிட்ட நூடுல்ஸில் மீன் சாஸ் ஊற்றியிருந்தது, இப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மிச்சத்தைக் கொட்டிவிட்டோம் என்று சொன்னேன்.

"மீனா?"

"நெத்திலி மாதிரி மீனு. அத உப்புல போட்டு எறக்குன தண்ணி."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். மறுபடி கொப்பளித்தார். குழாயை மூடாமலே நின்றார்.

"காலையில நல்லாயிருக்குன்னு சொன்னேனே மாஸ்டரு. இன்னொரு வாய் கேட்டு வாங்குனேனே" என்றார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் குழாயை மூடினேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கரண்டியை நகத்தால் சுரண்டிய அதே ஆள்.

"சம்பந்திக்கு இது தெரியுமா?"

தம்பிமாரே, அடுப்படியில் எத்தனையோ சங்கடத்தைப் பார்த்திருக்கிறேன், இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. தெரியும் என்றால் நாகராஜனைக் காட்டிக் கொடுக்கிறேன். தெரியாது என்றால் பொய் சொல்கிறேன். உண்மை பேச வந்தவன் என்று மார்தட்டிக்கொண்டு அடுத்தவர் குடும்பத்தைப் போட்டு உடைக்கவும் எனக்கு உரிமை இல்லை.

"அம்மா, சாப்பாட்டப் பத்தி எதக் கேட்டாலும் நான் சொல்றேன். அவரு மனசுல இருக்குறத அவருகிட்டத்தான் கேக்கணும்" என்றேன்.

"கேக்கத்தான் போறேன்" என்றார்.

நாகராஜன் எனக்குப் பின்னாலேயே படியேறி வந்து நின்றிருக்கிறார். பின்னால் முதலாளியும். முதலாளி கண்ணாலும் கையாலும் 'தெரியாதுன்னு சொல்லு' என்று சாடை காட்டிக்கொண்டிருந்தார். போக்குவரத்துப் போலீஸ்காரர்கூட அவ்வளவு கை காட்டியிருக்க மாட்டார். ஹால் கதவு இடுக்கில் கவிதாவும் நின்றாள். அவள் காதில் எவ்வளவு விழுந்தது என்று தெரியவில்லை.

நாகராஜன் மகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு, "தெரியும் சம்பந்தி. இப்ப சித்த முன்னாடி தெரியும். தட்டு மாறுனப்புறம் சொல்லிக்கிறலாம்னு சொன்னது நான்தான். மாஸ்டரு கேக்கல" என்றார். முதலாளியின் கை அந்தரத்திலேயே நின்றது.

சரோஜம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் அப்படிச் சொன்னீக?"

"பயந்துட்டேன்."

"என்னயப் பாத்தா?"

"ஆமா."

வேறு யாராவது இந்த இடத்தில் இரண்டு சமாதானமாவது சொல்லியிருப்பார்கள். நாகராஜன் சொல்லவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஹாலில் டேப்பில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா, எம் மகனக் கூட்டிக்கிட்டு இப்பவே பஸ்ஸேறியிருப்பேன்" என்றார் சரோஜம்மா. "வாங்க. ராகு காலம் வந்துரப் போகுது."

தட்டு மாறியது. மாப்பிள்ளை வீட்டார் வாழைப்பழமும் பாலும் மட்டும் சாப்பிட்டார்கள். ஏன் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "எனக்கு விரதம், அவுகளும் கூட இருக்காக" என்று சரோஜம்மாவே சொல்லிவிட்டார். எலுமிச்சை சாதத்தைப் பெண் வீட்டார் சாப்பிட்டார்கள். நல்லாயிருந்தது என்று யாரும் சொல்லவில்லை, நல்லாவும் இல்லை.

ஆலோசகர் அந்த வாரமே கிளம்பிவிட்டார். 'சிறு ஊர்களில் ருசியை வளர்ப்பது எப்படி' என்று செல்போனில் பேசிப் படம் போட்டிருப்பதாகக் கேள்வி. முதலாளி ஆசியச் சாப்பாட்டை ஏறக்கட்டிவிட்டு ஓட்டலைச் சுத்த சைவமாக்கினார். டிராகன் மேல் வர்ணம் அடித்து அன்னபூரணி ஆக்கினார்கள். உற்றுப் பார்த்தால் இப்போதும் அம்மனுக்கு வால் தெரியும். கருப்பசாமி பழநிக்கு நடந்து போய்த்தான் மாலையைக் கழற்றினார். நான் அங்கேயே சாம்பார் வைத்து, சாம்பார் வைத்தே ஓய்வு பெற்றேன்.

இதுவரைக்கும் கேட்டுவிட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் உண்மை பேசினார், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, சரோஜம்மா கையெடுத்துக் கும்பிட்டிருப்பார் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. அன்றைக்கு வண்டி ஏறும் முன்னால் அவர் என்னைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றே பேசினார்.

"நீங்க சொன்னது சரிதான் மாஸ்டரு. சொல்லாம விட்டிருந்தா அது பாவம். ஆனா நீங்க சொல்லிட்டு எறக்கி வச்சிட்டீக. இன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கிருவீக. நான் சாகுற மட்டும் இத நெனைக்கணும். உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்த ருசிதான் ஞாபகத்துக்கு வரும். இனி எம் முன்னால வராதீக."

சரி என்று தலையாட்டினேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதனால்தான் உங்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறேன். ஊற்றுவதற்கு முன்னால் என்ன பாட்டில் என்று பாருங்கள். ஊற்றிய பிறகு நீங்கள் எவ்வளவு யோக்கியமாக நடந்துகொண்டாலும் அது சாப்பிட்டவருக்கு உதவாது.

கவிதா இப்போது பாளையம்பட்டியில் நன்றாக இருக்கிறாள். கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. நாகராஜன் தெருவில் பார்த்தால் நின்று பேசுவார். சில நாள் சாயங்காலம் சரோஜம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு வருவார். என்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். அதனால் இப்போதெல்லாம் தூரத்தில் அவரைப் பார்த்தாலே நான் முதலில் ஒதுங்கிவிடுகிறேன். கையில் பிள்ளையோடு அந்தம்மா எதற்கு ரோட்டைக் கடக்க வேண்டும்?